நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு கண்கள்

சேலம் ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் இறங்குவது சூரமங்கலத்தில். பழைய ஊரும் கடைவீதிகளும் கிழக்கே தள்ளி இருக்கின்றன. நடைமேம்பாலத்தின் மேல் நின்று நாலு பக்கமும் பார்த்தால் இந்த மண்ணின் அமைப்பு பிடிபடும். வடக்கே நகரமலை, அதற்கும் அப்பால் சேர்வராயன் மலைத்தொடர், தெற்கே ஜருகுமலை, தென்மேற்கே கஞ்சமலை. நடுவில் தட்டையான சமவெளி. நின்று பார்க்கிறவனுக்கு இவ்வளவு கம்பீரமாக இருக்கும் இந்த ஊரைப் புகைப்படம் எடுத்தால், அடியில் வீடுகளும் தென்னைகளும், மேலே வானம், இடையில் நீலமாக ஒரு கோடு. அந்தக் கோடுதான் மலை.

இந்த மலைகளை ஸ்டீரியோ முறையில், இரட்டைப் படங்களாக எடுத்து, பெரிய அளவில் அச்சிட்டு, ஆழத்தோடு பார்க்கும் கருவி ஒன்றைச் செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் நான் சூரமங்கலம் போனேன். ஸ்டீரியோ படம் என்றதும் வியூ மாஸ்டர் பொம்மையை நினைக்க வேண்டாம். நான் சொல்வது ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு முழம் அகலமுள்ள பெரிய படங்கள். அந்த அளவில் ஆழம் காண்பது எளிதல்ல. அதற்கான தடை கேமராவில் இல்லை, பார்க்கும் கருவியில் இருக்கிறது.

தடை இதுதான். நம் இரு கண்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே சுமார் 6.5 செ.மீ. தூரம். இடது படத்தை இடது கண்ணுக்கு நேராகவும் வலது படத்தை வலது கண்ணுக்கு நேராகவும் வைத்தால்தான் இரண்டும் ஒன்றாகச் சேரும். படம் அதைவிட அகலமானால் அவற்றின் நடுப்புள்ளிகள் விலகிப்போகும். கண்கள் இரண்டும் வெளிப்பக்கம் திரும்ப வேண்டிவரும். மனிதக் கண்கள் ஒருசேர அப்படி எளிதில் திரும்பா. 1849இல் டேவிட் புரூஸ்டர் செய்த லென்ஸ் பெட்டியும், 1861இல் அமெரிக்காவில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் செய்த கைக்கருவியும் உலகமெங்கும் பரவின. ஆனால் அவற்றில் பொருந்திய அட்டை ஏறத்தாழ 7 அங்குல நீளம், அதில் ஒவ்வொரு படமும் 3 அங்குல அகலம்தான். லென்ஸை வெளிப்பக்கம் நகர்த்தி வைத்துக் கொஞ்சம் கூட்டலாம், அவ்வளவே.

நம் நாட்டில் இந்தத் தடையின் சாட்சியாக ஒரு பெரிய வேலை இருக்கிறது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1856இல் நியமிக்கப்பட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பித் தமிழ்நாட்டுக்குள் இறங்கினார். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எல்லாம் அவர் கேமராவுக்குள் வந்தன. 1858இல் வெளிவந்த தொகுதிகளில் ஒன்று ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும் பற்றியது. அப்போதைய சேலம் மாவட்டம் பெரியது; அதிலிருந்து 1965இல் தருமபுரி பிரிந்தது, 1997இல் நாமக்கல் பிரிந்தது, தருமபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. டிரைப் மெழுகு ஏற்றிய காகித நெகடிவில் வேலை செய்தார். ஒவ்வொன்றும் சுமார் 12க்கு 15 அங்குலம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடி நீளத்துக்குச் செய்திருக்கிறார். அவரே மதுரையையும் திருச்சி, தஞ்சை வட்டாரத்தையும் ஸ்டீரியோ படங்களாக எடுத்துத் தனித் தொகுதிகளாகவும் வெளியிட்டார். பெரிய படங்களில் ஆழம் இல்லை. ஆழம் உள்ள படங்கள் சிறியவை. இரண்டும் ஒரே மனிதரின் கையில் இருந்தும் ஒன்று சேரவில்லை. 1859இல் ஆளுநராக வந்த டிரெவெல்யன் டிரைப்பின் வேலையை ஆடம்பரச் செலவு என்று கருதி நிறுத்திவிட, அது அங்கேயே முடிந்துபோனது. பெரிய அளவையும் ஆழத்தையும் நான் இந்தச் சமவெளியில் சேர்த்துப் பார்க்க விரும்பினேன்.

சேர்க்கும் வழி புகைப்படம் பொதுவில் வருவதற்கும் முந்தியது. சார்லஸ் வீட்ஸ்டன் 1838இல் லண்டன் ராயல் சொசைட்டியில் வாசித்த கட்டுரையில் அது இருக்கிறது. அவரிடம் லென்ஸ் இல்லை, கண்ணாடிதான் இருந்தது. மூக்குக்கு முன்னால் இரண்டு கண்ணாடிகள், ஒன்றுக்கொன்று செங்கோணமாக. இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம், எதிரெதிரே நிற்கும். ஒவ்வொரு கண்ணும் தன் கண்ணாடியில் தன் பக்கத்துப் படத்தை மட்டும் காணும். படங்கள் ஒன்றையொன்று இடிப்பதே இல்லை. எக்ஸ்ரே வந்த பிறகு மருத்துவமனைகளில் பெரிய நெஞ்சு எக்ஸ்ரே பிலிம்களை ஆழத்தோடு பார்க்க இதே அமைப்பைத்தான் பயன்படுத்தினார்கள்.

சூரமங்கலத்தில் நான் போய் நின்றது ஓய்வுபெற்ற புவியியல்துறைப் பேராசிரியர் ஒருவர் வீட்டில். நிலவியல் என்றுதான் அவர் சொல்வார், பாறைகளைப் படிக்கும் துறை. பாறை ஆய்வு செய்கிறவர்களுக்கு இந்தக் கருவி பழக்கமானது. விமானத்திலிருந்து எடுக்கும் படங்கள் 23 செ.மீ. சதுரம், அடுத்தடுத்த இரண்டு படங்கள் 60 விழுக்காடு ஒன்றின்மேல் ஒன்று விழும்படி எடுப்பார்கள். அந்தப் பொது இடத்தைக் கண்ணாடி ஸ்டீரியோஸ்கோப்பின் அடியில் வைத்தால் மலை மேசையிலிருந்து எழும்பி நிற்கும். 1966இல் டேராடூனில் நெதர்லாந்தின் உதவியோடு இதற்கென்றே ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கினார்கள்; இப்போது அது இந்தியத் தொலையுணர்வு நிறுவனம். பேராசிரியரின் தலைமுறையில் நிலவியல் படித்தவர்கள் எல்லோரும் இதன்மேல் குனிந்து கண் வலிக்கப் பார்த்தவர்கள். இப்போது எல்லாம் கணினித் திரைக்குப் போய்விட்டது. கருவிகள் கல்லூரி அலமாரிகளில் தூங்குகின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்காவது அவற்றை வெளியே எடுத்து வைக்கலாம். அலமாரியில் வைத்திருப்பதால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

அவர் தன் சொந்தக் கருவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். நாலு கால், நாலு கண்ணாடி. கண்ணுக்குக் கீழே இரண்டு சிறியவை 45 பாகையில் சாய்ந்திருக்கின்றன; அவை பார்வையைப் பக்கவாட்டில் திருப்புகின்றன. வெளியே இரண்டு பெரியவை. அவை பார்வையைக் கீழே மேசைக்கு இறக்குகின்றன. இரண்டு முறை திரும்புவதால் படம் இடம்வலம் மாறாமல் நேராகவே தெரியும்.

"தம்பி, அளவெல்லாம் நீங்களே போட்டுப் பாருங்க. ஒரு தடவை போட்டுட்டா அப்புறம் எந்தக் கருவியும் புதிரா இருக்காது" என்றார்.

போட்டோம். கண்ணிலிருந்து உள்கண்ணாடிக்கு 3 செ.மீ., அங்கிருந்து வெளிக்கண்ணாடிக்கு 12, அங்கிருந்து படத்துக்கு 25. மொத்தப் பார்வை வழி 40 செ.மீ. கண்ணிலிருந்து வெளிக்கண்ணாடி 15 செ.மீ. தள்ளி இருக்கிறது; 23 செ.மீ. அகலப் படம் முழுவதும் தெரிய, அந்த இடத்தில் 23ஐ 15ஆல் பெருக்கி 40ஆல் வகுத்தால் வருகிற 8.6 செ.மீ. அகலம் வேண்டும். கண்ணாடி சாய்ந்து நிற்பதால் அதன் நீளம் சுமார் 12 செ.மீ. இரு படங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 6.5 செ.மீ.யோடு இருபுறமும் 12, 12 கூட்டினால் 30.5 செ.மீ. ஆக 30 செ.மீ. அகலம் வரைக்கும் படங்கள் மோதிக்கொள்ளாது. டிரைப்பின் 38 செ.மீ. படத்தை இதில் வைக்க வேண்டுமானால் கருவியின் கை நீள வேண்டும், கண்ணாடி ஒரு சாண் ஆக வேண்டும், பெட்டியை இருவர் தூக்க வேண்டும்.

இன்னொன்று, கண்கள் தூரத்து மலையைப் பார்ப்பதுபோல இணையாக நோக்கும், ஆனால் 40 செ.மீ. தொலைவிலுள்ள காகிதத்தில் தெளிவு தேட வேண்டியிருக்கும். இந்த இழுபறியில்தான் தலைவலி வருகிறது. 40 செ.மீ. குவியத் தொலைவுள்ள லென்ஸ் ஒன்றைக் கண்ணருகே வைத்தால் இழுபறி போய்விடும். கணக்கில் அது 2.5 பவர். எந்த மூக்குக்கண்ணாடிக் கடையிலும் படிக்கும் கண்ணாடியாகக் கிடைக்கிற அதே பவர்.

கண்ணாடி மட்டும் சாதாரணக் கடையில் கிடைக்காது. வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருக்கிறது. முன்பக்கக் கண்ணாடிப் பரப்பும் மங்கலாகப் பிரதிபலிப்பதால் ஒவ்வொரு விளிம்பும் இரட்டையாகும். முன்பக்கமே அலுமினியம் பூசிய கண்ணாடி வேண்டும். பழைய ஜெராக்ஸ் இயந்திரங்களுக்குள் நீளப் பட்டையாக அது இருக்கும். ஜங்ஷன் ரோட்டுப் பக்கம் பழைய இயந்திரங்களைப் பிரிக்கிற கடை ஒன்றில் பேராசிரியர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். சோதிக்கிற முறை எளிது: பேனா முனையைக் கண்ணாடிமேல் வைக்க வேண்டும். முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் இடையில் இடைவெளி தெரிந்தால் பின்பூச்சு. இரண்டும் தொட்டுக்கொண்டால் நமக்கு வேண்டியது.

படம் எடுக்கிற கணக்கு வேறு மாதிரி. ரயில்தான் அதற்கு வழி சொன்னது.

சில நூறு மீட்டருக்கு அப்பால் நம் இரு கண்களும் காண்பது ஏறத்தாழ ஒரே காட்சி. கஞ்சமலையின் மடிப்புகள் நமக்கு நேரிலும் தெரிவதில்லை. நிழலையும் நிறத்தையும் வைத்து ஊகிக்கிறோம். மலைக்கு ஆழம் வர வேண்டுமானால் கேமராவின் இரு நிலைகளும் விலகியிருக்க வேண்டும். படத்தில் வருகிற நெருங்கிய பொருளின் தொலைவை முப்பதால் வகுப்பது பொதுவான கணக்கு. 3 கிலோமீட்டருக்கு 100 மீட்டர். அவ்வளவு தூரம் வரப்பில் நடந்துபோய் இரண்டாம் படம் எடுப்பதற்குள் மேக நிழல் நகர்ந்துவிடும். ரயில் மணிக்கு 72 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு 20 மீட்டர். ஐந்து நொடியில் 100 மீட்டர்.

ஈரோடு போகும் பாசஞ்சரில் வலப்பக்க ஜன்னலைப் பிடித்தேன். நெய்க்காரப்பட்டி தாண்டியதும் கஞ்சமலை திரும்பத் திரும்ப முகம் மாற்றிக்கொண்டே வரும். ரயில் மேடான கரைமேல் போகிற இடங்கள்தான் வேண்டும். பக்கத்தில் வேப்பமரமோ கம்பமோ குறுக்கே வந்தால் அந்த ஜோடி கெட்டுவிடும், அவ்வளவு நெருங்கிய பொருளைக் கண்கள் ஒன்றுசேர்க்க முடியாது. ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குச்சிக்கிழங்குக் காடும் தென்னந்தோப்பும் விட்டு வெட்டவெளி வரும்போதெல்லாம் ஒன்று எடுத்து, ஐந்து எண்ணி, இன்னொன்று. வலப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறவனுக்கு ரயில் போகும் திசை இடப்பக்கம். ஆகவே முதலில் எடுத்தது வலது கண்ணுக்கு, பிறகு எடுத்தது இடது கண்ணுக்கு. மாற்றி வைத்தால் மலை பள்ளமாகிவிடும். சிகரம் கிணற்றின் அடிபோலக் கீழே இறங்கும். ஒரு காலத்தில் மெக்டொனால்ட்ஸ் சவுல்ட்ரி என்ற பெயர்ப்பலகை இருந்த மகுடஞ்சாவடியில் இறங்கித் திரும்பினேன்.

அச்சிட்ட படங்கள் அன்று மாலையே பேராசிரியரின் மேசைக்கு வந்தன. பளபளப்பில்லாத மேட் காகிதம். பளபளக்கும் காகிதத்தில் இரு படங்களிலும் விளக்கொளி வேறுவேறு இடத்தில் விழுந்து கண்ணைக் குழப்பும். வைத்து, நகர்த்தி, கண்ணாடியைத் திருகியபோது சட்டென்று கஞ்சமலை எழுந்தது. அந்தக் கணத்தை எத்தனை முறை அனுபவித்தாலும் எனக்கு அலுக்காது. ஒரே சுவராகத் தெரிந்த மலை மூன்று நான்கு முகடுகளாகப் பிரிந்து ஒன்றின் பின் ஒன்றாக நின்றது. நடுவில் சரிவுகள், ஓடைத் தடங்கள், ஒவ்வொரு கரட்டுக்கும் தனித்தனி இடம்.

பேராசிரியர் பேச்சில்லாமல் குனிந்திருந்தார். பிறகு பென்சில் முனையால் ஒரு விளிம்பைத் தொட்டார். "இந்த வரிதான் இரும்புக்கல்லு. கீழ அடுக்கு தொட்டில் மாதிரி வளைஞ்சு இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் ஏறுது. வகுப்புல படம் போட்டுக் காட்டினாலும் பிள்ளைங்களுக்கு ஏறாது. இதைக் காட்டினா ஒரு நிமிஷம் போதும்." மேக்னடைட் கலந்த அந்தப் பாறை வரிகள்தான் 19ஆம் நூற்றாண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத்தைப் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைக்கத் தூண்டின. சேலத்து இரும்புக்கல் அங்கே போனது. இந்த வட்டாரத்தின் பாறைகளை கிங், புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர்கள் இருவரும் களத்தில் ஆராய்ந்து 1864இல் எழுதினார்கள். அவர்கள் காலால் அறிந்த வளைவை இப்போது மேசையில் பார்க்கிறோம்.

மறுநாள் கருவியைத் தூக்கிக்கொண்டு சிவதாபுரம் வழியாகக் கஞ்சமலை அடிவாரத்துச் சித்தர்கோவிலுக்குப் போனேன். அமாவாசை இல்லாததால் அடிவாரம் அமைதியாக இருந்தது. வழியில் கொலுசுப் பட்டறை ஒன்றின் திண்ணையில் கருவியை இறக்கினேன். வெள்ளிக் கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து பார்த்தார். நாளெல்லாம் சின்ன வளையங்களில் கண்ணை வைத்திருக்கிறவர். கண்ணாடியைத் திருக வேண்டியே வரவில்லை, உடனே சேர்ந்துவிட்டது.

"மேல வரி வரியா ஓடறது தெரியுதுங்க. பொறந்ததுல இருந்து இதைத்தான் பாத்துட்டு இருக்கறேன், இது இருக்குதுன்னே தெரியாதுங்க" என்றார். அப்புறம் கண்ணாடியைக் கவனித்தார். "இதுல பூசினது வெள்ளிங்களா?"

அலுமினியம் என்றேன். "அதானுங்க. வெள்ளியா இருந்தா இப்படித் திறந்தாப்புல வெச்சா கறுத்துப் போயிருக்கும்" என்றார். வீட்ஸ்டனின் கட்டுரைக்குப் பிறகு பரவிய வெள்ளிப் பூச்சுக் கண்ணாடிகளில் முன்பூச்சு நிலைக்காமல் போனதற்குக் காற்றிலுள்ள கந்தகம்தான் காரணம். கொலுசு கறுப்பதற்கும் அதுவே.

மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் போனதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழுப்புப் பாறையில் வெள்ளை நரம்புகள் ஓடும் சுரங்கக் குழிகளை வேலிக்கு வெளியே நின்று எடுத்தேன். வெயிலில் அந்த வெள்ளை கேமராவை மீறிப்போய்விடுகிறது. வெள்ளையில் விவரம் இல்லாவிட்டால் கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காது, ஆழமும் வராது. அதிகாலையில் எடுக்க வேண்டிய இடம் அது.

சங்ககிரி வேறு. தீரன் சின்னமலையை 1805இல் தூக்கிலிட்ட அந்தக் கோட்டை மலையில் சுவர்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறுகின்றன. ஒற்றைப் படத்தில் எல்லாச் சுவர்களும் ஒட்டிக்கொண்டு ஒரே கல்குவியலாகத் தெரியும். ஒன்றரைக் கிலோமீட்டரிலிருந்து 50 மீட்டர் விட்டு எடுத்த ஜோடியில் ஒவ்வொரு வாசலும் தனித்து நின்றது. ஆனால் 23 செ.மீ. படத்தில் சுவர்களின் கல் தெரியவில்லை. இந்தக் கோட்டைக்கு இரண்டடிப் படம் வேண்டும் என்று அங்கேயே தோன்றிவிட்டது.

அந்த அளவுப் படத்தைப் பார்க்கும் கருவி செய்யத்தான் நாமக்கல் போனேன். முதலில் கமலாலயக் குளக்கரையில் நின்று அங்குள்ள மலைப்பாறையை எடுத்தேன். 150 மீட்டருக்கு 5 மீட்டர் நகர்ந்தால் போதும். பாறை நன்றாக வந்தது, தண்ணீர் வரவில்லை. இரு படங்களுக்கும் நடுவே அலை மாறிவிட்டதால் நீர்ப்பரப்பில் இரு கண்களும் சண்டையிட்டு அந்த இடம் மட்டும் மினுமினுக்கிறது. நீருக்கு இரண்டு கேமராவை ஒரே நொடியில் தட்ட வேண்டும்.

பிறகு லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்று. நாமக்கல்லில் ஒரு சட்டத்தை நேர்கோட்டில் செய்து தர இவர்களைவிடச் சிறந்தவர்கள் இல்லை. மேஸ்திரியிடம் வீட்ஸ்டன் அமைப்பைத் தரையில் சாக்கட்டியால் வரைந்து காட்டினேன். 60 செ.மீ. அகலப் படம் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, எதிரெதிரே. பார்வை வழி 90 செ.மீ. நடுவில் இரண்டு கண்ணாடி.

"இவ்வளவு பெரிய படத்துக்குக் கண்ணாடி எவ்வளவு பெருசுங்க வேணும்?"

கண்ணிலிருந்து 6 செ.மீ. தொலைவில் கண்ணாடி இருப்பதால் 60ஐ 6ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் 4. சாய்வைச் சேர்த்தால் சுமார் ஆறு செ.மீ. உள்ளங்கையில் அடங்கும். அவர் நம்பவில்லை. என் கையிலிருந்த ஜெராக்ஸ் துண்டைக் கண்ணருகே சாய்த்து, பக்கத்தில் நின்ற லாரியின் முழுப் பக்கப் பலகையையும் அதில் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். 90 செ.மீ. தூரத்துக்குத் தேவையான லென்ஸ் 1.1 பவர்தான், இளங்கண்ணுக்கு அதுவும் வேண்டாம். படங்கள் கண்ணாடியில் புரண்டு தெரியும், ஆகையால் அச்சிடும்போதே இடம்வலம் மாற்றிவிட வேண்டும்; கணினியில் அது ஒரு தட்டு.

மேஸ்திரி கவலைப்பட்டது வேறொன்றைப் பற்றி. "ஆங்கிள் ஆடுச்சுன்னா என்னாகுங்க?" அதுதான் சரியான கேள்வி. கண்ணாடி ஒரு பாகை சாய்ந்தால் பிம்பம் இரண்டு பாகை நகரும், 90 செ.மீ. வழியில் அது சுமார் 3 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் கண்கள் ஓரளவு சமாளிக்கும். ஒரு படம் மேலும் ஒன்று கீழுமாகப் போனால் தாங்காது. ஆகவே கண்ணாடிகள் இரண்டையும் ஒரே தகட்டில் பொருத்தி, பின்னால் மூன்று திருகாணியும் ஸ்பிரிங்கும் வைத்து, படச்சட்டங்கள் மட்டும் தண்டவாளம்போன்ற ஆங்கிள்மேல் முன்னும் பின்னும் நகரும்படி முடிவு செய்தோம். நீளம் ஆறடி. உள்பக்கம் முழுக்க மேட் கறுப்பு பெயின்ட். படங்களுக்கு மேலே ஒவ்வொரு பக்கமும் ஒரே வாட் உள்ள எல்.இ.டி. பட்டை. உயரம் பத்து வயதுப் பிள்ளை நின்று பார்க்கிற அளவு, பெரியவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்ளட்டும். கழற்றி ரயிலில் கொண்டுபோக நடுவில் போல்ட் இணைப்பு. மேஸ்திரி அதற்கு இரண்டு போல்ட் போதாது, நாலு வேண்டும் என்று சொல்லி, சாக்கட்டியை என் கையிலிருந்து வாங்கி அவரே துளைகளைக் குறித்தார்.